கறுப்பு மண் ஒட்டிய சீட்டு

அன்புள்ள மகன் தங்கராசுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதை முதலில் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிக்கொள்கிறது, அடுத்தது கீழே இறங்கிவிடுகிறது. ‘ழ’ எழுதும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இந்த முதல் பக்கத்தைக் கடைசியில் திருத்தி எழுதுகிறேன், கடிதத்துக்கு நாலு நாள் மத்தியானம் ஆகியிருக்கிறது. கோபம் வந்தால் கை அழுத்திவிடுகிறது. இரண்டாம் பக்கத்தில் தாள் கிழிந்திருப்பது அதனால்தான். கோபம் உன் மேல். வாயால் திட்டினால் “சரிப்பா, அப்புறம் பேசுறேன்” என்று போனை வைத்துவிடுவாய். தாளை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, இன்னொன்று எழுதுவேன். எனக்கு இப்போது எழுதத் தெரியும். இந்த வரியை எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். கோபக் கடிதத்தில் சிரிப்பு எதற்கு என்று நினைக்காதே. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவனை எழுத்தில் திட்டுகிறேன். அந்தச் சந்தோஷம் கோபத்தோடு கலந்து வருகிறது, என்ன செய்ய.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்ரீரங்கம் வந்தாய். ஸ்டேஷன் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் வண்டி ஸ்டாண்டில் என் நாற்காலிக்கு எதிரே பைக்கை நிறுத்தினாய். துவாக்குடியில் உன் பட்டறையில் நீயே வெல்டிங் வைத்த வளைவைப் போனில் காட்டினாய். கொள்ளிடத்துக்கு வடக்கே, திருவெள்ளறை போகிற வழியில், நம் ஊர் நுழைவாயிலில் நிற்கப்போகிற வளைவு. இரண்டு தூண், நடுவில் ஊர்ப் பெயர், உச்சியில் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பில் செய்த ஏர்க்கொழு. தூணுக்குக் கீழே பதிக்கப்போகும் கருங்கல்லையும் காட்டினாய். அதில் என் பெயரை எழுதிப் பார்த்திருந்தார்கள், இன்னும் உளி வைக்கவில்லை. ‘இம்மண்ணின் மிகப் பழைய ஏர்க்கொழுவைக் கண்டெடுத்தவர்’ என்று பெயருக்குக் கீழே ஒரு வரி. வேலை அழகாக இருந்தது. கோபத்தில் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். இணைப்புகளைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தாய். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாய். திறப்பு விழாவில் நான் பேச வேண்டிய பேச்சு.

“இதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கங்கப்பா. மேடையில தாளைக் கையில புடிச்சுக்கிட்டு, படிக்கிற மாதிரி நடிச்சாப் போதும்” என்றாய்.

ஒரு வருடமாக நான் கோமதி டீச்சரிடம் படிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஏதோ பொழுது போகாமல் போய் உட்காருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. அப்போதும் நான் கோபப்படவில்லை. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். அந்தக் கொழு அவ்வளவு பழையது இல்லை தம்பி, சீட்டு மாறிப்போயிருக்கிறது, மாற்றிக் கட்டியவன் நான்தான், உண்மையிலேயே பழையது அதே குழியில் உன் அம்மா எடுத்த சுடுமண் வட்டு என்றேன். நீ என் பேச்சை முழுசாகக் கேட்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாய், யாராவது கேட்டுவிட்டார்களா என்று.

“சும்மா இருங்கப்பா. எப்பவோ நடந்தது. வளைவு முடிஞ்சிருச்சு, நோட்டீஸ் அடிக்கக் குடுத்தாச்சு. உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கோ, அது சரியோ தப்போ, யாரு கண்டா?”

“உங்கம்மா அன்னிக்கே சொன்னாடா.”

“அம்மா போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சு. அவங்களா வந்து என் பேரைப் போடலையேன்னு கேக்கப் போறாங்க?”

இதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கக் கூப்பிட்டாய். நான் வரவில்லை. நீ போன பிறகு உன் தாளை விரித்து, எழுத்துக் கூட்டி, அரைமணி நேரத்தில் படித்து முடித்தேன். யாரும் படித்துக் காட்டவில்லை. ‘பத்தடி ஆழத்தில் கறுப்புக் களிமண்ணைத் தோண்டி இந்தக் கொழுவை என் கையால் எடுத்தேன்’ என்று நான் சொல்வதாக அதில் எழுதியிருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் அந்த வரியை மனப்பாடம் செய்து, மைக்கில் சொல்லி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பேன்.

கொழு கிடைத்த அந்தக் குழியைப் பற்றி உனக்கு ஒழுங்காக எதுவும் தெரியாது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. நம் ஊருக்கு மேற்கே ஆற்றோரம் இருக்கும் ஓட்டுமேட்டில், கால் வைத்த இடமெல்லாம் பானை ஓடு கிடக்கும். திருச்சியில் ஒரு கல்லூரியிலிருந்து வந்து அதைத் தோண்டினார்கள். தலைமை ஒரு அம்மா. காலையிலிருந்து சாயங்காலம் வரை குழிக்குள்ளேயே இருப்பதால் நாங்கள் அவர்களுக்குக் குழி மேடம் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவர்களுக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள். வேலை இல்லாத கோடையில் ஊரே கூலிக்கு வந்து நின்றது. மேடம் வரிசையைப் பார்த்து, “படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? மேஸ்திரி வேலைக்கு வேணும்” என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். “அஞ்சாவது வரைக்கும் போனேங்க” என்றேன். பள்ளிக்கூட வாசலை நான் மிதித்ததே உன்னைச் சேர்க்கப் போன அன்றுதான். கூலி அதிகம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. வெயிலில் நிற்கும் நூறு பேரில் ஒருவனாக நிற்பதை விட, மேஸ்திரி என்று ஒருத்தர் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசையைத் தப்பு என்று சொல்லமாட்டேன். அந்தப் பொய்தான் தப்பு.

மேஸ்திரி வேலை என்ன தெரியுமா. குழியிலிருந்து எது வந்தாலும், ஒரு பாசிமணியாக இருந்தாலும், மேடம் ஒரு அட்டைச் சீட்டில் எந்தக் குழி, எந்த மண், என்ன பொருள் என்று எழுதிக் கொடுப்பார்கள். அதை அந்தப் பொருள் இருக்கும் துணிப்பையின் வாயில் நூலால் கட்ட வேண்டும். உங்களுக்கெல்லாம் புரியட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன் என்று வேறு சொல்வார்கள். நான் சீட்டை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, தலையை ஆட்டுவேன். எனக்கு ரூபாயும் எண்ணும் தெரியும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் நான் முட்டாள் இல்லை. பலகையில் பொருளை வைக்கும்போதே சீட்டையும் அதன் மேலேயே வைத்து ஓட்டுச்சில் ஒன்றைப் பாரமாக வைத்துவிடுவேன். வரிசை கலையாதவரை எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. மூன்று கோடைக்காலம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள்தான் வரிசை கலைந்தது.

அந்த மண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எதைக் கெடுத்தேன் என்று புரியும். மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது மேடம் சொல்வார்கள்: “இந்த ஆத்தோரம் எல்லை நிலம் மேஸ்திரி. தெக்கேயிருந்து பாண்டியர் வருவாங்க, வடக்கேயிருந்து பல்லவர் வருவாங்க, சோழர் எழுந்துப்பாங்க, சோழர் விழுவாங்க. இந்த ஊர்க்காரன் எந்த ராஜாவுக்கு வரி கட்டுனானோ அவனுக்கே மறந்து போயிருக்கும். மண்ணுதான் ஞாபகம் வச்சிருக்கு.” குழியின் சுவரைக் காட்டுவார்கள். மேலே செங்கல் தரை, செம்மண் பொடி. அங்கேதான் மீன் போட்ட காசும் புலி போட்ட காசும் சீன ஓடும் கிடைத்தன. அது சோழர் காலமும் அதற்குப் பிறகும். அதற்குக் கீழே கொள்ளிடம் என்றோ கொண்டுவந்து கொட்டிய வெள்ளை மணல். அதற்கும் கீழே கறுப்புக் களிமண், ராஜாக்கள் பெயரே தெரியாத காலம். அதில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடு, சங்கு வளையல் துண்டு. ஒரு பொருள் எந்த மண்ணில் கிடந்தது என்பதுதான் அதன் வயது. இரும்பும் சுடுமண்ணும் தானாக வயதைச் சொல்லாது. அதனால் சீட்டுதான் எல்லாம்.

உன் அம்மாவும் அதே குழியில் மண் சுமந்தாள். இரும்புச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறும்போதும் அவள் கண் மண்ணின் மேலேயே இருக்கும். கொட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை விரலால் துழாவிப் பார்ப்பாள். கவனமாகக் கரண்டி பிடிக்கும் நாங்கள் விட்டதை எல்லாம் அவள் எடுத்தாள். மேடம் அவளை “அஞ்சலை, உனக்கு விரல்ல கண்ணு” என்பார்கள். அன்று மத்தியானத்துக்கு மேல், கறுப்புக் களிமண்ணின் அடிமட்டத்திலிருந்து வந்த சட்டியில் அவள் ஒரு சுடுமண் வட்டை எடுத்தாள். ஒரு ரூபாய்க் காசை விடச் சற்றுப் பெரியது, நடுவில் துளை. அதில் குச்சியைச் செருகிச் சுற்றிவிட்டுப் பஞ்சை நூலாக நூற்பார்கள், தக்களி வட்டு. மேடம் குழிக்குள்ளேயே சீட்டு எழுதி, வட்டின் ஈரம் காயட்டும் என்று பையில் போடாமல் இரண்டையும் அவள் கையில் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம், பக்கத்தில் இன்னும் ஆழம் போகாத மேல் குழியில், செங்கல் தரையின் மேல், நான் ஒரு துருப்பிடித்த இரும்பைப் பெயர்த்து எடுத்தேன். ஏர்க்கொழுவின் முனை. அதற்கும் சீட்டு வந்தது. இரண்டையும் பலகையில் வைத்தேன். மேடம் டவுனுக்குப் போன் பேசக் கிளம்பினார்கள். அரைமணி நேரத்தில் கோடை மழை.

அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. தார்ப்பாயை நாலு பேர் இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. பலகை கவிழ்ந்தது. பொருள்களைப் பொறுக்கினோம், சீட்டுகளைச் சேற்றிலிருந்து எடுத்தோம். மற்றவற்றுக்கு ஏற்கெனவே நூல் கட்டியாகிவிட்டது. கட்டாமல் இருந்தது இரண்டே இரண்டு, வட்டும் கொழுவும். கையில் இரண்டு சீட்டு. ஐம்பது ஐம்பது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், மேஸ்திரி படித்துக் கட்டுவார் என்று. நான் ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன், தலையை ஆட்டினேன், கொழுவோடு கட்டினேன். மற்றதை வட்டோடு கட்டினேன்.

உன் அம்மா பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். “மாத்திக் கட்டிட்டீங்க. அந்தச் சீட்டுல என் கட்டைவிரல் கறை இருக்கு பாருங்க. கறுப்பு மண்ணுக் கறை. அது என் வட்டோட சீட்டு.”

“உனக்குப் படிக்கத் தெரியுமா?” என்றேன்.

“எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?”

தங்கராசு, அவள் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. எனக்கு உதவி செய்யத்தான் கேட்டாள். நான் அவள் கையிலிருந்த சட்டியைப் பிடுங்கிக் குழிக்குள் எறிந்தேன். “நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம், வீட்டுல கெட” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் வரவில்லை. மேடம் கேட்டபோது, உடம்புக்கு முடியவில்லை என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த இரண்டு வருடம் மற்ற பெண்கள் குழிக்குப் போகும்போது அவள் மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சொன்னாயே, அவங்களா வந்து கேக்கப் போறாங்க என்று. உயிரோடு இருந்தபோதே அவள் கேட்கவில்லையடா. கேட்க விடாமல் செய்தவன் நான். செத்த பிறகும் கேட்க விடாமல் செய்ய நீ வந்திருக்கிறாய். அதுதான் என் கோபம், வேறொன்றும் இல்லை.

நீ இப்படி ஆனதற்கு நான்தான் காரணமோ என்று இந்த நாலு நாளும் யோசித்தேன். உனக்கு எட்டு வயதில், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா. துறையூர் பஸ்ஸில் ஏறினால்தான் ஊர். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து பஸ்ஸில் ஏறினேன். “அப்பா, இதுல லால்குடின்னு போட்டிருக்கு” என்றாய். “எனக்குத் தெரியாதா? பேசாம ஏறு” என்றேன். கண்டக்டர் டிக்கெட் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. டோல்கேட்டில் இறங்கினோம். “இங்க ஒரு ஆளப் பாக்கணும்” என்று சொல்லி, யாரையும் பார்க்காமல், உனக்கு இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் உன் அம்மா ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன்னே நீ சொன்னாய்: “அப்பாவுக்கு டோல்கேட்ல ஒரு ஆளப் பாக்க வேண்டியிருந்துச்சும்மா.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா எனக்கு. இப்போது புரிகிறது, அன்று நான் தட்டிக்கொடுத்தது எதற்கு என்று. ‘படிக்கிற மாதிரி நடிச்சாப் போதும்’ என்று நீ சொன்னது எங்கே கற்றுக்கொண்ட பாடம் என்று தேட வேண்டியதில்லை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிடு. உனக்கு என் வாழ்க்கையிலிருந்து கொடுக்க வேறு புத்தி இல்லை. இந்த ஒன்றுக்கு நான் நிறையக் கொடுத்திருக்கிறேன்.

நான் படிக்கப் போய் உட்கார்ந்ததும் ஒரு சண்டையால்தான். கோமதி டீச்சர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதால்தான் டீச்சர். நம் ஸ்டாண்டில் ஸ்கூட்டி நிறுத்துவார். ஒருநாள் ஹெல்மெட்டில் பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, “யார் ஹெல்மெட்னு பாத்துக் குடுங்க ஐயா” என்றார். நான் வழக்கம்போல் தலையாட்டினேன். சாயங்காலம் அவர் ஹெல்மெட்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன். அவர் கத்தவில்லை. “தெரியாதுன்னா சொல்லலாமே ஐயா. மத்தியானம் இங்க கூட்டமே இல்ல, ஒரு மணி நேரம் உக்காருங்க” என்றார். எனக்கு ஆத்திரம். மூன்று நாள் அவர் முகத்தையே பார்க்கவில்லை. நாலாம் நாள் போய் உட்கார்ந்தேன். பூக்கார அம்மாக்கள் இரண்டு பேரும் அங்கே படிக்க வருவார்கள். “தாத்தா பேனாவ மம்பட்டி மாதிரி புடிக்கிறாரு பாரு” என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதன்முதலில் நானாகப் படித்தது ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு கடைப் பலகை: ‘செருப்பு இங்கே விடாதீர்கள்’. அதை நாலு தடவை சத்தமாகப் படித்தேன். கடைக்காரர் வெளியே வந்து, “விடலைன்னா போங்களேன் பெரியவரே, எதுக்குப் பாடுறீங்க” என்றார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நிறைவு.

கொஞ்சம் கூட்டிப் படிக்க வந்ததும், போன மாதம், அந்தக் கல்லூரியின் காட்சி அறைக்குப் போனேன். ஓட்டுமேட்டுப் பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி, போனதில்லை. நடுப்பெட்டியில் தனியாக விளக்கு போட்டுக் கொழு. கீழே அச்சடித்த எழுத்து. விரலை வைத்துப் படித்தேன்: இரும்பு ஏர்க்கொழு, மிகக் கீழ் அடுக்கு, கறுப்புக் களிமண். நான் செங்கல் தரையிலிருந்து பெயர்த்து எடுத்த கொழு. வட்டு எங்கே என்று தேடினேன். இல்லை. சோழர் காலத்துச் சில்லறைச் சாமான்கள் எல்லாம் உள்ளே அலமாரியில் இருக்கின்றன என்றார் அங்கிருந்தவர். உன் அம்மா சொன்னது சரி. எனக்குப் படிக்கத் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு, செவ்வாய்க்கிழமை பாலக்கரை போனேன். குழி மேடம் ஓய்வு பெற்று அங்கே ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார்கள். வாசல் பலகையில் அவர்கள் பெயரை நானே படித்துக் கதவைத் தட்டினேன்.

“யாரு? ஓட்டுமேட்டு மேஸ்திரியா? வாங்க வாங்க. பல்லெல்லாம் எங்க போச்சு?”

“உங்க கறுப்பு முடி போன இடத்துக்குத்தாங்க மேடம்.”

சிரித்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், சட்டியைப் பிடுங்கி எறிந்தது உட்பட. சிரிப்பு போய்விட்டது.

“அஞ்சாவது படிச்சேன்னு சொன்னீங்களே மேஸ்திரி.”

“பொய்ங்க.”

“அப்ப அந்த மூணு வருஷமும்?”

“நீங்க குடுத்த வரிசை கலையாம வச்சிருந்தேங்க. கலைஞ்சது அந்த ஒரு நாள்தாங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கலர் நூல் குடுத்திருப்பேனே. செங்கல் தரைக்குச் சிவப்பு, களிமண்ணுக்குக் கறுப்பு. அஞ்சு நிமிஷ வேலை மேஸ்திரி. அஞ்சு நிமிஷம்” என்றார்கள். அதைத் திட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் என் வாழ்க்கையில் வாங்கிய திட்டிலேயே பெரிய திட்டு அதுதான். அந்தக் கொழுவை வைத்து அவர்கள் எழுதிய அறிக்கை இருக்கிறது, அதைப் பார்த்து இன்னும் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். தப்பு என்று வெளியே தெரிந்தால் முதலில் தலைகுனிய வேண்டியவர்கள் அவர்கள். உனக்கு ஒரு வளைவு, அவர்களுக்கு ஒரு ஆயுள் வேலை. அவர்கள் ‘சும்மா இருங்க’ என்று சொல்லவில்லை தங்கராசு. எழுந்து போய்க் கல்லூரிக்குப் போன் செய்து, வியாழக்கிழமை பெட்டியைத் திறந்து வைக்கச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை ஒரு மேசையில் இரண்டையும் எடுத்து வைத்தார்கள். மேடம் பூதக்கண்ணாடியால் கொழுவின் மடிப்புக்குள் பார்த்தார்கள். துருவோடு துருவாகச் செங்கல் பொடி இறுகிப் போயிருந்தது. வட்டின் துளை இன்னும் முழுசாகச் சுத்தம் செய்யாமல் இருந்தது, உள்ளே கறுப்புக் களிமண். “இத முன்னாடியே நான் பாத்திருக்கணும். நூறு சாமான்ல எது எங்க வந்துச்சுன்னு ஞாபகம் வைக்காம, சீட்ட நம்பி மண்ணப் பாக்காம விட்டுட்டேன்” என்றார்கள், என்னைப் பார்த்து அல்ல, வட்டைப் பார்த்து. பிறகு கொழுவின் பெட்டியிலிருந்து பழைய அட்டைச் சீட்டை எடுத்தார்கள். மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது, நானே படித்தேன். ‘களிமண், அடிமட்டம்.’ பொருள் என்ன என்று எழுதிய மூலையில் மழையும் சேறும் பட்டு எழுத்தே இல்லை, வட்டின் சீட்டிலும் அப்படித்தான். எதிர் மூலையில் ஒரு கட்டைவிரல் கறை. கறுப்பாக, ரேகையோடு. வீட்டில் அவள் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் முகம் தெளிவாக இல்லை. இந்த விரல் தெளிவாக இருந்தது. தொடப் போனேன். “தொடாதீங்க மேஸ்திரி, அழிஞ்சிரும்” என்றார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மேடம் ஒரு புது அட்டையை என் பக்கம் நகர்த்தி, பேனாவைக் கொடுத்தார்கள். பழைய சீட்டும் பத்திரமாக இருக்கும், தப்பு நடந்ததும் ஒரு தகவல்தான், அதையும் எழுதிச் சேர்ப்போம் என்றார்கள். புதுச் சீட்டை நான் எழுத வேண்டும். கால் மணி நேரம் ஆயிற்று. குழி, மண், பொருள். ‘தக்களி வட்டு’ என்பதை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். “கண்டெடுத்தவங்க பேரு போடலாமுங்களா?” என்று கேட்டேன். “அப்பல்லாம் கூலியாளுங்க பேரைப் போட்டதில்ல” என்றவர்கள், கொஞ்சம் யோசித்து, “போடுங்க” என்றார்கள். போட்டேன். அவள் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. கூப்பிட்ட பெயரை எழுத்தில் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. நாலே எழுத்துதான், ஆனால் அட்டை நிறைந்துவிட்டது.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஊர்க்காரர்கள் கொழுதான் வேண்டும் என்பார்கள். விவசாயம் செய்கிற ஊர், அவர்களுக்கு அது பெருமை. கொழு பொய் இல்லை என்று சொல். அது நம் ஊர்க் கொழுதான், சோழர் காலத்திலோ அதற்குப் பிறகோ நம் ஊரில் உழுத கொழு. அது கிடந்த இடத்தில் கிடக்கட்டும், இன்னொன்றின் இடத்தில் உட்கார வேண்டாம். அதற்கும் எத்தனையோ காலம் முன்னால், பெயர் தெரியாத ஒருத்தி அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து நூல் நூற்றிருக்கிறாள் என்பதும் பெருமைதான். வளைவின் உச்சியில் இருப்பதை அறுத்து எடு. தூணில் பக்கவாட்டில் வைத்துக்கொள். உச்சியில் ஒரு வட்டு, நடுவில் துளை. உன் கைக்கு ஒரு பகல் வேலை. கல்லில் உளி வைப்பதற்கு முன்னால் என் பெயரை அழிக்கச் சொல்லிவிட்டு உன் அம்மா பெயரை எழுதச் சொல். உன்னால் முடியாது என்றால், நான் விழாவுக்கு வரத்தான் செய்வேன். உன் தாளை இதோடு திருப்பி வைத்திருக்கிறேன். மேடையில் நான் எழுதிய தாளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, விரலை வைத்து, ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். கூட்டம் காத்திருக்கட்டும். உன் அம்மா நிறையக் காத்திருந்தாள்.

கை வலிக்கிறது. டீச்சர் ஸ்கூட்டி எடுக்க வந்துவிட்டார், தபால் தலையை அவர்தான் வாங்கி வந்திருக்கிறார். வரும் வியாழக்கிழமை மறுபடி உட்காருவேன். அப்போது உன் அம்மா அந்தக் குழியில் இன்னும் என்னென்ன எடுத்தாள் என்று எழுதுகிறேன், மேடத்திடம் கேட்டு வைத்திருக்கிறேன். அதற்குள் நீ பதில் போடு. போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். எழுது. கையெழுத்து எப்படி இருந்தாலும் சரி, நான் படிப்பேன்.

உன் அப்பா